அடிக்காமல் விட்ட கல்

அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு முன்னால் சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்க, பலவேசம் வீட்டில் சொல்லாமல் கிளம்பி, பதினாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தான். பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் இடையே ஹாலோ பிளாக்கில் எழுப்பி, பூசாமலே விட்ட சுவர். வைத்த பெயின்டையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு கல்லை மட்டும் அண்ணன் அன்றைக்கே கொத்தனாரிடம் சொல்லி, ஓட்டை தெரியும்படி படுக்கவைத்திருந்தான். அதன் வழியே பார்த்தால் தம்பி வீடு தெரியும். கொத்தனார் போன கையோடு பலவேசம் தன் பக்கத்தில் சிமென்ட்டைக் குழைத்து அடைத்துவிட்டான். இங்கே அது இன்னும் திறந்துதான் கிடந்தது. சுற்றிலும் பழைய பெயின்ட் நாலைந்து பூச்சு. அந்தக் கல்லில் ஒரு சொட்டுகூட இல்லை.

"அத அடிச்சிராதீங்க தம்பி," என்றாள் மதினி. "பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிக்கயில ஒங்க அண்ணன் அத மட்டும் விட்டுருவாக. அவன் அடைச்சது, அவனே தொறப்பான்னுவாக. போன ஆடியில சாகுறதுக்கு மொத நாளும் அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தாக."

பலவேசம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை போய், அவன் அடைத்த சிமென்ட்டின் முதுகில் இடித்தது. விரலை மடக்கி இரண்டு முறை மெல்லத் தட்டினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி மகளிடம் சலித்துக்கொண்டாள்: "ஒரு வருசமா சத்தத்தையே காணோம்னு இருந்தேன். பாரு, அந்த எலி திரும்பவும் வந்து தட்டுது."