நாலாவது அத்தியாயம்

"என் ஆய்வேட்டைப் பூட்டினது யாரு?"

கதவைத் தட்டாமலேயே உள்ளே நுழைந்துவிட்டாள் மாணவி. கையில் போன். திரையில் பல்கலைக்கழக நூலகத்தின் ஆன்லைன் ஆய்வுத் தளம். அவளுடைய ஆய்வேட்டின் தலைப்புக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'அனுமதி இல்லை'.

"நான்தான்" என்றார் நூலகர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

'பூட்டு மேடம்' என்று மாணவர்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்!

"மேடம், நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. விரிவுரையாளர் வேலை. சாயங்காலத்துக்குள்ள லிங்க் அனுப்பு, படிச்சுப் பார்க்கணும்னு கேட்டிருக்காங்க. இப்படி வயித்துல அடிக்கிறீங்களே!"

"உட்காரும்மா."

"உட்கார நேரமில்லை. திறந்துவிடுங்க."

"நாலாவது அத்தியாயத்தை மாத்திக் கொடு. அடுத்த நிமிஷம் திறக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஆய்வேட்டின் உயிரே நாலாவது அத்தியாயம்தான். புருஷனின் அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்கள் புது ஊரில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டு எழுதியது.

"கைடு பார்த்தாச்சு. கமிட்டி பார்த்தாச்சு. எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு!"

"கையெழுத்துப் போட்டாங்க. படிச்சாங்களா?"

"எல்லார் பேரையும் மாத்தியிருக்கேன், மேடம்."

"பேரை மாத்தினே. அந்தத் தையல்காரப் பொண்ணு இடது கையால துணி வெட்டுவா, சைக்கிள் கடைக்கு மேல மாடியில குடியிருக்கா, ஜன்னலைத் திறந்தா ரயில்வே கேட், ரெட்டைப் பொம்பளைப் புள்ளைங்க... இத்தனையும் எழுதிட்டுப் பேரை மட்டும் மாத்தினா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான்."

"அதெல்லாம் இல்லேன்னா அது வெறும் புள்ளிவிவரம், மேடம். எங்கேயோ இருக்கிற ஒரு மாணவனுக்கு உதவட்டும்னுதானே ஆன்லைன்ல போடறோம்?"

"மாணவன் மட்டும்தான் படிப்பானா?"

போன் அடித்தது. பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இதோ, நீங்க பூட்டினதால தவிக்கிற ஒரு வாசகர். காலையில மெயில் போட்டார், என் நம்பரைக் கொடுத்தேன். நீங்களே கேளுங்க!" வீம்புக்கு ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம்." தேன் தடவிய குரல். "உங்க ஆய்வேட்டை நேத்து பாதி படிச்சேன். அதுக்குள்ள மூடிட்டாங்க. என்ன எழுத்து! ஒரு பிரதி அனுப்புவீங்களா? நானும் இதே ஆராய்ச்சியிலதான் இருக்கேன்."

மாணவி வெற்றியோடு நிமிர்ந்தாள். நூலகரின் முகம் வெளுத்திருந்தது. உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தன் பேச்சு எடுபடவில்லையே என்ற எரிச்சலில்தான் மேடம் தடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் மாணவி.

"கண்டிப்பா அனுப்பறேன் சார்."

"அந்த இடது கைத் தையல்காரம்மா எந்த ஊர்னு மட்டும் இப்பவே சொல்லுங்களேன். அவங்ககிட்ட ஒரு பேட்டி எடுக்கணும்."

"ஊரைச் சொல்லக்கூடாதே. நீங்க எந்தப் பல்கலைக்கழகம் சார்?"



"அது கிடக்கட்டும். அவ இன்னும் இருமிக்கிட்டுதான் இருக்காளா?"

அந்தப் பெண் இருமி இருமித்தான் பேசினாள். ஆனால் அதைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

"நீங்க... யாரு?"

"யாரா இருந்தா உனக்கென்ன? ஊரைச் சொல்லுடி! ரயில்வே கேட், சைக்கிள் கடை, எத்தனை ஊர்ல இருந்துடப் போகுது? தேடிப் பிடிக்க மாட்டேனா? பிடிச்சேன்னா அன்னிக்கு அவளுக்கு இருக்கு!"

பதறிப்போய் போனை அணைத்தாள். அப்படியே நாற்காலியில் விழுந்தாள்.

நூலகர் மேஜைத் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லு. இதுல பேசு."

எண்களை அழுத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் அழுகை. பிறகு, இப்போதே கிளம்பி ஒரு தோழி வீட்டுக்குப் போய்விடுவதாகப் பதில் வந்தது.

"புள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்களான்னு கேளு" என்றார் நூலகர் மெல்ல.

கேட்டாள். "போறாங்களாம், மேடம்."

தொலைபேசியை வைத்தாள். நம்பி வாய் திறந்தவளை, தானே காட்டிக்கொடுக்க இருந்தாள்!

"பூட்டியே இருக்கட்டும், மேடம். நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதறேன். வேலை போனா போகட்டும்."

"அப்புறம் எழுதலாம். இப்போ கிளம்பு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். அவன் மிரட்டினதைக் கேட்டேன்னு நானும் சாட்சி சொல்றேன்."

"அவன் பேரு, விலாசம் எதுவும் தெரியாதே?"

"எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

அப்போதும் மாணவிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இவனெல்லாம் மனுஷனா, மேடம்? பெத்தவ என்னத்தைச் சொல்லித்தான் வளர்த்தாளோ!"

நூலகர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லதைச் சொல்லித்தாம்மா வளர்த்தேன்."