இன்னும் காயாத கன்னம்

படத்தின் கன்னத்தில் விரலை வைக்க கோர்பினியன் தயங்கினான்.

காய்ந்திருந்தால் மூலையில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு முதல் வால்புர்கா வரமாட்டாள்.

அவள் அப்பாவின் பிறந்தநாளுக்கென்று ஆரம்பித்த அவளுடைய படம். பிறந்தநாள் எப்போதோ வந்து போய்விட்டது.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திறந்திருந்த கதவு வழியாக எதிர் அறை செவெரின் எட்டிப் பார்த்தான். அந்த வருடம் ம்யூனிக்கில் முளைத்த புது ஓவிய இயக்கங்கள் எல்லாவற்றிலும் அவன் உறுப்பினர். வால்புர்காவை ஒரே மத்தியானத்தில், நீல மூக்கும் மூன்று காதுமாக வரைந்து முடித்தவன்.

"என்னய்யா, இன்னுமா அதே கன்னம்? பாவம், அந்தப் பொண்ணு கிழவியாயிடுவா. அப்புறம் சுருக்கத்தையும் சேர்த்து வரையணும்!"

 கோர்பினியனின் வழி நானூறு வருடத்துக்கு முந்தைய ஓவியர்களின் வழி. கண்ணாடி போல மெல்லிய பூச்சு. அது காய்ந்த பிறகுதான் அதன்மேல் இன்னொன்று.

ஆனால் இத்தனை மாதம் இழுத்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

கிராம்பு எண்ணெய் கலந்தால் வண்ணம் லேசில் காயாது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வருவதற்கு முன், எண்ணெய்க் கிண்ணத்தில் கொஞ்சம் விட்டுவிடுவான். அவள் வந்ததும் காபி போடுவான், படத்தில் சட்டைக் கையின் பின்னலைத் திருத்துவான், கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பான்.

மனதில் இருப்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. பழைய மேதைகள் யாராவது இப்படிக் கலப்படம் செய்திருப்பார்களா? சுத்தமான எண்ணெயை மட்டும் ஊற்றி வைத்தான். காபி போட உள்ளே போய் வந்தான். கடைசிப் பூச்சைப் பூசி முடித்தான்.

இன்று கட்டாயம் காய்ந்திருக்கும்.

தொட்டான்.

விரல் நுனியில் ரோஜா நிறம் பிசுபிசுத்தது.

மூக்கருகே கொண்டுபோனான். கிராம்பு!

செவெரினின் குறும்போ என்று வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

வால்புர்கா இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நிஜக் கன்னம் படத்தில் இருப்பதைவிடச் சிவந்திருந்தது.

"பல்வலி, பல்வலின்னு வாராவாரம் எங்க மருந்துக்கடைக்கு வந்து கிராம்பு எண்ணெய் வாங்குவீங்க. போன வாரம் ஆளையே காணோம்," என்றாள். "அதான், அந்த ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டு வந்துட்டேன்."