குரலில்லாத படம்

முதியோர் இல்லத்துத் தொலைக்காட்சியில் மறுபடியும் பெர்னடெட்டின் முகம் வந்தது. கறுப்பு வெள்ளையில், கொலைகாரி போல.

அவள் பக்கத்தில் அப்பா லெனார்ட், தட்டிலிருந்த பியரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்தியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முகம் அவருக்கு மறந்து வெகுநாளாகிறது. அவளை நர்ஸ் என்றே நினைக்கிறார்.

திரையில் அவள் அவருடைய கையைப் பிடித்திருந்தாள். முதியோர் வயிற்றில் அடிக்கிறாள் என்றது தேர்தல் விளம்பரத்தின் கனத்த குரல்.

அந்தப் படத்தைக் கொடுத்ததே அவள்தான். விளம்பரத்தில் கோடிகளைக் கொட்டும் தனியார் தேர்தல் குழுக்கள் வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது என்பது சட்டம். சட்டம் இருந்தால் சந்தும் இருக்குமே. வேட்பாளர்கள் குரலில்லாமல் படம்பிடித்து இணையத்தில் போட்டுவைப்பார்கள். ஆதரவான குழு அதை எடுத்து விளம்பரமாக்கும். ஊரே செய்கிறதென்று அவளும் போட்டாள்.

வேண்டியவர்களிடம் பணமில்லை. வேண்டாதவர்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு முறை அப்பா குளியலறையில் விழுந்து விடியும்வரை கிடந்தார். கேட்க ஆளில்லை. இல்லங்களில் கூடுதல் நர்ஸ்களை வைக்கச் சட்டம் கொண்டுவரத்தான் அவள் மாநில சட்டசபைக்கு நின்றாள். இல்ல முதலாளிகள் உடனே ஒரு குழு தொடங்கி, 'தாத்தா பாட்டிகளின் தோழர்கள்' என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கு என்ன குறைச்சல்.

"அந்தக் கெழவனப் பாரும்மா, பாவம்," என்றார் அப்பா. "கையப் புடிச்சிக்கிட்டே கழுத்த அறுத்திருக்கா."

அந்தக் கிழவன் நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? நாளெல்லாம் ஓடுகிற விளம்பரத்தோடு அவள் ஒருத்தி எப்படி மல்லுக்கட்டுவது?

அவருடைய தபால் வாக்குச்சீட்டு மேஜையில் இருந்தது. பேனாவை எடுத்தார். ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வரைபடம் போட்ட கை. இந்த வயதிலும் நடுங்கவில்லை. அவள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே இருந்த எதிராளியின் பெயருக்கு நேரேயுள்ள வட்டத்தைக் கோடு தாண்டாமல் நிதானமாக நிரப்பினார்.

அவள் தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கும் பெர்னடெட்னுதாம்மா பேரு," என்றார், அவள் கையைத் தட்டிக்கொடுத்து. "ஆனா அவ தங்கம். இவளுக்கெல்லாம் ஓட்டுப் போட மாட்டா."

அவள் சீட்டை உறையிலிட்டு ஒட்டினாள்.