கட்டை மேல் நிற்கும் வேன்

மூன்று வாரமாக என் ஸ்கூல் வேன் கொடகவெல டவுன் கராஜ் ஒன்றில் கிடக்கிறது. மெக்கானிக் மர்சூக் பாஸ் போனை எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தால், "நாளைக்கு முடிச்சுத் தாறேன்" என்று வைத்துவிடுவார். பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் தேயிலைத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

இன்று மதியம் நேரிலேயே போனேன். வேன் சக்கரமில்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. இன்ஜின் தரையில் தூசி படிந்து கிடந்தது. வண்டியை விட்ட அன்று கண்ணாடியில் நான் சோக்கட்டியால் குறித்துவைத்த எண்ணைவிட மீட்டரில் அறுநூற்று இருபது கிலோமீட்டர் கூடியிருந்தது. ஸ்கூல் ஓட்டம் நாளுக்கு நாற்பது. பதினைந்து பள்ளி நாட்களோடு இன்று காலை போன இருபதையும் சேர்த்தால் கணக்கு சரி.

"இதையாவது சொல்லியிருக்கலாமே, பாஸ்?"

"போன் எடுத்தா நான் என்னத்த சொல்ற?" என்றார்.

தோட்டத்து இருளாயி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னும் ரெண்டு நாளாகும்க்கா. பிள்ளைய பஸ்ஸுல அனுப்புங்க."

"எதுக்கு பஸ்ஸு? ஒங்க வேன்லதானே தெனமும் போய்ட்டு வருது. இன்னைக்குத்தான் ஸ்கூல் விட்டும் வேன இன்னும் காணல."

மர்சூக் பாஸ் கராஜ் கேட்டை அகலத் திறந்துவைத்தார். வேன் கதவில் சாய்ந்திருந்த நான் அதற்கு வழிவிட்டு விலகி நின்றேன்.