உள்ளே நிற்கும் ஜாகா
காலை வெயில் வார்டு ஜன்னல் வழியே வந்து, பரஞ்சோதியின் ஆக்சிஜன் முகமூடிக்குள் படர்ந்து படர்ந்து மறையும் மூச்சின் ஆவியில் விழுகிறது. சிடாம் கிரி தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் தோள்கள் துவண்டு கிடக்கின்றன. பக்கத்தில் நிற்கும் மனைவி பிரேமாவதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இதே காய்ச்சல் முதலில் அவளுக்குத்தான் வந்தது. இரண்டே நாளில் போயும்விட்டது. விடிந்ததும் இருவரும் ஒரே கோப்பையில்தான் மாற்றி மாற்றித் தேத்தண்ணி குடிப்பார்கள். டாக்டர் ஐனா தாளில் ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் பேனாவால் புள்ளி புள்ளியாக வைக்கிறார். “இது உடம்புல ஒரு செல்லு, ஆன்டி. இந்தப் புள்ளிங்க அந்தச் செல்லு தனக்குத்தானே செஞ்சுக்கிற புரோட்டீன். தோட்டத்து கேட்ல ஜாகா நின்னு காவல் காக்கிறாரே, அந்த மாதிரி. ஃப்ளூ கிருமி உள்ள போயி பெருகாம தடுக்கும். சில பேருக்கு அது பிறவியிலயே பலமில்லாம இருக்கும். அங்கிளுக்கும் அப்படி இருக்கலாம்.” பிரேமாவதி புள்ளிகளைப் பார்க்கிறாள், கணவனின் தோளைப் பார்க்கிறாள், மறுபடியும் புள்ளிகளைப் பார்க்கிறாள். பிறகு வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக் கையை நீட்டுகிறாள். “என்னோட ஜாகா நல்லாத்தானே இருக்கான், டாக்டர்? ரத்தம் எடுக்கிற மாதிரி எடுத்து, அவருக்குப் போட்டுடுங்களேன்.” ஐனாவின் பேனா வட்டத்தின் மேலேயே நின்றுவிடுகிறது. நீட்டிய கையைப் பிரேமாவதி மடக்கவில்லை.