இரண்டு விநாடிப் படம்

மரக்கிடங்கிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்தவரின் நாக்கை ஒல்லியான நர்ஸ் ஒருத்தி துணி சுற்றி வெளியே இழுத்துப் பிடித்திருந்தாள். டாக்டர் கேமரா வைத்த நீளக் குழாயை அவர் தொண்டைக்குள் விட்டிருந்தார்.

"ஈ சொல்லுங்க."

காற்றுதான் வந்தது.

"பரவாயில்ல. ஒரு தடவை இருமுங்க."

இருமினார். கணீரென்று அறையைத் தட்டிவிட்டு நின்றது இருமல். போதும் என்று டாக்டர் குழாயை வெளியே எடுத்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "கிழிஞ்சது தெரியுதா டாக்டர்?"

"எதும்மா கிழிஞ்சது?"

"தொண்டைதான். கிடங்குல இவருக்கு வெண்கலம்னு பேரு. லாரியிலேருந்து கட்டை உருட்டுறப்ப 'விலகு'ன்னு குரல் குடுக்கறதுதான் வேலை. இவரு கத்தினா தெருக்கோடி நாய் எழுந்து ஓடும்."

டாக்டர் சிரித்தார். வெண்கலம் சிரிக்கவில்லை. வாயோரத்து எச்சிலைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணு மாசம் முன்னாடி கட்டை உருண்டு என் தம்பி போயிட்டான்" என்றாள் அவள், பஸ் நேரம் சொல்வதுபோல. "அறுவை மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்துல இவரு கத்தினது அவன் காதுல விழல."

"மத்தவங்க கேட்டாங்களா?"

"எங்க கேக்கறது? மிஷினை நிறுத்திட்டு ஓடிவந்து, 'அண்ணே, கத்துனீங்களா, கத்துனீங்களா'ன்னு கேட்டிருக்காங்க. வாயைத் திறந்திருக்காரு, வெறும் காத்து. எப்படிக் கத்தியிருப்பாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு எல்லாருக்கும். அன்னையிலேருந்து பேச்சே இல்ல."

டாக்டர் தலையாட்டினார்.

"தம்பி பொண்டாட்டிதான் நம்ப மாட்டேங்கறா. 'உங்க புருஷன் பாத்துக்கிட்டு நின்னாரு அண்ணி'ங்கறா. வாசப்படி மிதிக்காதீங்கங்கறா. தம்பி பிள்ளைங்களைப் பாத்து மூணு மாசமாச்சு. கிழிசல் இருந்தா அந்தப் படத்தை அவ கையில குடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம நிப்பேன். அது போதும் எனக்கு."

டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இது விநாடிக்கு நாலாயிரம் படம் எடுக்கிற கேமரா. 'ஈ'க்கு ஒரு விநாடி, இருமலுக்கு ஒரு விநாடி, மொத்தம் ரெண்டு விநாடிதான் எடுத்திருக்கேன். மெதுவா ஓட்டினா ஆறேழு நிமிஷம் ஓடும். நூல் அளவு கீறல் இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

ஈரச் சிவப்புக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், குரல் நாண்கள். 'ஈ' சொல்லச் சொன்ன இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளியே நின்றன.

மனைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். வாங்கப்போகிற துணியில் ஓட்டை தேடுகிறவள் மாதிரி விளிம்பு விளிம்பாகத் தேடினாள்.

"இதோ, இது?"

"எச்சிம்மா."

"இது?"

"வெளிச்சம் பட்டு மின்னுது."

இருமல் வந்தது. பட்டைகள் மெல்லக் கிட்டே வந்தன. சேர்ந்தன. பிறகு திறந்து மூடி, திறந்து மூடி, ஒரே சீராகத் துடித்தன.

"கிழியலம்மா. தழும்பு இல்ல, வீக்கம் இல்ல. பாருங்க, எவ்வளவு நல்லாச் சேருது. நல்ல தொண்டை."

"மூணு மாசத்துல ஆறியிருக்கும் டாக்டர்."

"ஆறியிருந்தா குரல் வந்திருக்கணுமே. குரலே போற மாதிரி கிழிஞ்சிருந்தா ஒரு அடையாளமாவது மிஞ்சியிருக்கும்."

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார். வேறு யாருடைய தொண்டையையோ பார்ப்பதுபோல வெண்கலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் நின்றது. மனைவி திரும்பி வந்து, அவர் வாயோரத்து எச்சிலைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள்.

"விடுங்க. வேற ஆஸ்பத்திரி பாத்துக்கலாம். மிஷினுக்கு என்ன தெரியும்? நீங்க கத்தினது எனக்குத் தெரியாதா?"

அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை காற்று வரவில்லை.

"நான் கத்தவே இல்ல."