டெஸ்மண்ட் தேடிய காப்பிக்கடை

மெல்பர்னின் கடைக்கோடியில் இருக்கும் மெல்டனில், ஞாயிறு பூசை முடிந்ததும் நல்ல காப்பிக்கடை தேடி அலைவது டெஸ்மண்டுக்கு வழக்கமாகிவிட்டது. துணைக்குப் பக்கத்து வீட்டு கிளைவ்.

"ஏரிக்கரைக் கடையில காப்பி அமிர்தமா இருந்துச்சே, அதுல என்னய்யா குறை?" என்றார் கிளைவ்.

"டோக்கன் நம்பர் குடுக்கிறான்."

"பேக்கரியில?"

"மேசைக்கே கொண்டாந்து வச்சிட்டுப் போயிடுறாங்க."

"உட்கார்ந்த இடத்துக்கு வந்தா கசக்குதா? உனக்குக் காப்பி போட அந்த ஆண்டவனே இறங்கி வரணும்!"

டெஸ்மண்ட் சிரித்தபடி அன்று நுழைந்த புதுக்கடையில் இரண்டு காப்பி சொன்னார். கடைப்பெண் பெயர் கேட்டுக் கோப்பையில் எழுதிக்கொண்டாள். இருவரும் ஓரத்து மேசையில் உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் அவள் குரல் கொடுத்தாள். "நோரீன்! காப்பி ரெடி!"

கிளைவ் திடுக்கிட்டார். நோரீன், டெஸ்மண்டின் மனைவி. போன குளிர்காலத்தில்தான் அவளை அடக்கம் செய்தார்கள்.

"நோரீன்!"

எழப்போன கிளைவின் கையை டெஸ்மண்ட் பிடித்துக்கொண்டார்.

"பூசையில அவ பேரை வாசிக்கிறதும் நின்னுடுச்சு, கிளைவ். என் மனசு நோகும்னு யாருமே அவ பேரைச் சொல்றதில்ல. நீயுந்தான்."

கிளைவ் எழுந்து போய், கடைப்பெண்ணிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் ஒரு கணம் டெஸ்மண்டைப் பார்த்தாள். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"நோரீன்!"